தேரேறி வரும் கிறிஸ்து: ரோம் நாட்குறிப்பு

9 அக்டோபர் 2023, திங்கள்

விடுதியில் பெட்டியை வைத்ததும் நேராகப் பேதுரு பேராலயச் சதுக்கத்துக்குப் போனேன். குழுவில் மற்றவர்கள் பயணக் களைப்பில் படுத்துவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் தங்கை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. சித்தி மகள், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. "அண்ணா, நீங்க கும்பிடப் போறது சூரியன் கோயில். படத்தைப் பாருங்க" என்று எழுதியிருந்தாள். படத்தில் சதுக்கத்தின் நடுவில் நிற்கும் கல்தூணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே பட்டியல்: புனிதர்களின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், நற்கருணை அப்பத்தை வைத்துக் காட்டும் கதிர்பாத்திரம், ஐ.எச்.எஸ். எழுத்துகள், டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. எல்லாமே சூரிய வழிபாடாம், திருச்சபை மறைத்து வைத்ததாம்.

அவள் பொழுதுபோக்குக்கு அனுப்புகிறவள் இல்லை. என் ஆத்துமாவை நினைத்து உண்மையாகவே பயப்படுகிறாள். அதனால் பதிலும் பார்த்து, விசாரித்துச் சொல்வதாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

தூண் எகிப்திலிருந்து வந்தது. அங்கே இப்படிப்பட்ட தூண்கள் சூரியக் கடவுளுக்கு உரியவை, அதில் சந்தேகமில்லை. கலிகுலா சக்கரவர்த்தி இதைக் கப்பலில் கொண்டுவந்து தன் பந்தயத் திடலில் நிறுத்தினான். பேதுரு கொல்லப்பட்டது அந்தத் திடலில்தான் என்பது மரபு. 1586-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் சொன்னபடி தொமெனிக்கோ ஃபொந்தானா அதை இப்போதிருக்கும் இடத்துக்கு நகர்த்தினார். 25 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஒற்றைக் கல்.

பீடத்தில் லத்தீன் எழுத்து. மொபைலை நீட்டி ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துப் பார்த்தேன். புறஇனத்தாரின் தெய்வங்களுக்கு இறைப்பற்றற்ற வழிபாட்டில் நேர்ந்தளிக்கப்பட்டிருந்த தூணைச் சிக்ஸ்துஸ் பெரும்பாடுபட்டு அப்போஸ்தலர்களின் வாசலுக்குக் கொண்டுவந்தார் என்று இருக்கிறது. இதில் மறைத்தது எங்கே? எங்கிருந்து வந்தது, எதற்காக நின்றது என்பதை ஊரே பார்க்கும்படி கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

1817-இல் தரையில் பதித்த வட்டக் கற்களையும் பார்த்தேன். நண்பகலில் தூணின் நிழல்முனை எந்த ராசியில் எங்கே விழும் என்று காட்டுபவை. ஆக, தூண் இன்று ஒரு நிழல்கடிகாரமாகவும் நிற்கிறது.

10 அக்டோபர், செவ்வாய்

பேராலயத்துக்கு அடியிலுள்ள ரோமானியக் கல்லறைத் தெருவுக்குள் போக மாதக்கணக்கில் முன்பே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். படம் எடுக்கக் கூடாது. கண்ணாடிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூட, காற்று சூடாக, ஈரமாக மாறிக்கொண்டே போனது. மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வரும் வாடை.

இருபுறமும் செங்கல் கல்லறை வீடுகள். பெரும்பாலும் கிறிஸ்தவர் அல்லாதவர்களுடையவை. அவற்றுக்கு நடுவே மிகச் சிறிய ஒன்று, யூலியுஸ் குடும்பத்தாரது. வழிகாட்டி விளக்கை மேலே திருப்பினார். கூரை முழுக்க மஞ்சள் ஒளி. சின்னச் சின்னச் சில்லுகளால் ஆன பொன்னிற வானம், அதன்மேல் பச்சைத் திராட்சைக் கொடி. நடுவில் தேரில் ஒருவர். மேலாடை பின்னால் பறக்கிறது, இடக்கையில் உருண்டை, முன்னங்கால் தூக்கிய வெள்ளைக் குதிரைகள். தலையிலிருந்து கதிர்கள் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் போகின்றன. கிரேக்கர்கள் ஹீலியோஸ் என்றும் ரோமானியர்கள் சோல் என்றும் அழைத்த சூரியதேவன் எப்படி இருப்பானோ அப்படியே.

சுவர்களில் சில்லுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. சாந்தில் தடம் மட்டும் இருக்கிறது. அந்தத் தடத்தைக் கண்ணால் கூட்டிப் பார்த்தால் தூண்டில்காரர் ஒருவர், ஆட்டைத் தோளில் சுமந்த மேய்ப்பர், மீனின் வாய்க்குள் விழும் யோனா. யோனாவைக் கண்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சூரியனை மட்டும் கும்பிடுகிறவன் தன் கல்லறையில் யோனாவை வரைய மாட்டான். யோனா மூன்று நாள் மீன் வயிற்றில் இருந்ததுபோல மானிட மகன் நிலத்தின் உள்ளே இருப்பார் என்று இயேசுவே சொன்னார் அல்லவா? கடலுக்குள் இறங்குகிறவன் ஒரு பக்கம், தேரேறி எழுகிறவர் மேலே. செத்துப்போன தங்கள் உறவினருக்கு அந்தக் குடும்பம் சொல்ல நினைத்த ஆறுதல் அது. 3ஆம் நூற்றாண்டின் இறுதியோ 4ஆம் நூற்றாண்டின் தொடக்கமோ, அவ்வளவு பழையது.

சரி, சூரியதேவனின் உருவத்தைக் கடன் வாங்கினார்களா? வாங்கினார்கள். கண்ணெதிரே இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த எண்ணத்துக்கு வேர் வேதத்திலேயே உண்டு. தங்கை கையிலிருக்கும் பழைய திருப்புதலிலும் மல்கியா 4:2 இருக்கிறது: "உங்கள்மேல் நீதியின் சூரியன் உதிக்கும்." ஆதித் திருச்சபை எழுத்தாளர் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து கி.பி. 200 வாக்கிலேயே அந்த நீதியின் சூரியன் அனைத்தின்மேலும் தேரோட்டிச் செல்வதாக எழுதியிருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உருவத்தை எடுத்து, உண்மையான விடியல் இவர்தான் என்று சொன்னார்கள்.

வெளியே வந்த பிறகும் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

11 அக்டோபர், புதன்

கால் வீங்கிவிட்டது. காலையில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பில் உட்கார்ந்ததோடு சரி, பிறகு அறையில் வாசிப்புதான்.

451-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் மறையுரையில் பெரிய லியோ திருத்தந்தை மனம் வருந்திப் பேசியிருக்கிறார். பேதுரு ஆலயப் படிகளில் ஏறிய கிறிஸ்தவர்கள் சிலர், உள்ளே போகுமுன் திரும்பி நின்று, உதிக்கும் சூரியனுக்குத் தலை வணங்கினார்களாம். நான் நேற்று முன்தினம் நின்ற அதே ஊர், ஏறக்குறைய அதே வாசல்! ஒளியைப் படைத்தவரை நினைத்தே வணங்கினாலும் விட்டுவிடுங்கள், புதிதாக வந்தவர் பார்த்தால் தன் பழைய வழக்கம் இங்கேயும் செல்லும் என்று நினைப்பார் என்கிறார்.

இதைத் தங்கைக்கு மறைக்கக் கூடாது. அவள் பயப்படும் கலப்பு ஒரு காலத்தில் நிஜமாகவே நடந்திருக்கிறது. ஆனால் அதைக் கண்டித்தவரும் திருத்தந்தைதான். அதற்கும் 250 வருடம் முன்பே தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், கிழக்கு நோக்கி ஜெபிப்பதால் எங்களைச் சூரியனை வணங்குகிறவர்கள் என்கிறார்கள் என்று எழுதிப் பதிலும் சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த குற்றச்சாட்டுக்கு வயது 1800-க்கு மேல்.

13 அக்டோபர், வெள்ளி

மரியா மஜ்ஜோரே பேராலயம். குழுவில் ஒருவரிடம் இரவல் வாங்கிய பைனாகுலரோடு பீடத்துக்கு மேலுள்ள வளைவைப் பார்த்தேன். 430-களின் மொசைக். குழந்தை இயேசு அரியணையில் இருக்கிறார். தலையைச் சுற்றி வட்டம், மேலே சின்னச் சிலுவை. வானதூதர்களுக்கும் வட்டம். மரியாவுக்கு இல்லை. அப்புறம் ஒரு பக்கத்தில் ஏரோது, குழந்தைகளைக் கொல்லச் சொன்ன அதே ஏரோது, அவன் தலைக்குப் பின்னாலும் வட்டம்!

மூன்று முறை பார்த்து உறுதி செய்துகொண்டேன். அந்தக் காலத்தில் ஒளிவட்டம் என்றால் அரச மகிமை. 388-இல் செய்த வெள்ளித் தட்டு ஒன்றில் தியோடோசியுஸ் சக்கரவர்த்திக்கும் அது உண்டு. அதற்கு முன்னே ஹீலியோஸுக்கும் இருந்தது, காந்தாரப் புத்தருக்கும் இருந்தது. தூய்மையின் அடையாளமாக அது மாறப் பல காலம் பிடித்தது. வட்டத்தைக் கண்டதும் சூரியன் என்று முடிவு கட்டினால், ஏரோதையும் சூரியன் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

14 அக்டோபர், சனி

ஜேசு ஆலயம். வலப்பக்கப் பீடத்தில் புனித சவேரியாரின் கை இருக்கிறது. எங்கள் முத்துக்குளித்துறையில் என் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை. முழங்காலில் நின்றேன். அப்பா இருந்திருந்தால் அழைத்து வந்திருப்பேன்.

நடுக்கூடத்தில் சாய்த்து வைத்த கண்ணாடியில் கூரை ஓவியம் தெரிகிறது. 1670-களில் கௌல்லி வரைந்தது. கண்கூசும் ஒளிக்கு நடுவில் ஐ.எச்.எஸ். என்ற எழுத்துகள். எகிப்தியத் தெய்வங்களின் முதலெழுத்துகள் என்று அந்தப் பட்டியல் சொன்னது. இல்லை, கிரேக்கத்தில் இயேசு என்ற பெயரின் முதல் மூன்று எழுத்துகள் இவை. கதிர்களுக்கு நடுவே அதை எழுதிப் பரப்பியவர் சியென்னாவின் பெர்னர்தீனோ என்ற பிரான்சிஸ்கன் துறவி. பலகையில் எழுதி ஊர் ஊராகத் தூக்கிக் காட்டிப் பிரசங்கித்தார். சிலை வழிபாடு என்று அவர்மீது புகார் போய், 1427-இல் ரோமில் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் முன்னால் விசாரணை நடந்தது. குற்றமில்லை என்று விடுவித்தார்கள். இந்தச் சந்தேகத்தையும் சபை அந்தக் காலத்திலேயே வெளிப்படையாக விசாரித்திருக்கிறது.

15 அக்டோபர், ஞாயிறு

மாலை நற்கருணை ஆசீர். கதிர்பாத்திரத்தை உயர்த்தியபோது சாம்பிராணிப் புகைக்குள் பொன்கதிர்கள் மின்னின. தமிழில் பெயரிலேயே கதிர் இருக்கிறது. ஆனால் ஆரம்பகாலப் பாத்திரங்கள் கோபுர வடிவில் இருந்தன; இந்தச் சூரிய வடிவம் பரவலானது 17ஆம் நூற்றாண்டில். ரோமின் சூரியக் கோயில்கள் மூடி ஆயிரம் வருடத்துக்கும் மேலாகிவிட்டது. அதை எப்படி இதோடு முடிச்சுப் போடுவது?

டிசம்பர் 25-இல் மட்டும் நான் அவசரப்பட மாட்டேன். 354-ஆம் ஆண்டு நாட்காட்டித் தொகுப்பு ஒன்றில், ஒரு பக்கத்தில் அந்த நாள் 'வெல்லப்படாதவனின்', அதாவது சூரியதேவனின், பிறந்தநாள், இன்னொரு பட்டியலில் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்த நாள். மார்ச் 25-இல் மரியா கருவுற்றார் என்று கணக்கிட்டுப் பார்த்தாலும் டிசம்பர் 25 வரும். இரண்டு பக்கமும் வலுவான வாதம் உண்டு.

இரவு தங்கையைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். லியோவைப் பற்றிச் சொன்னபோது அமைதியாகிவிட்டாள். மல்கியாவை எடுத்து அவளே வாசித்தாள். கதிர்பாத்திரத்தை இன்னும் ஏற்கவில்லை, ஏற்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. கடைசியில், "அந்தக் கல்லறைப் படம் இருந்தா அனுப்புங்கண்ணா" என்றாள். படம் எடுக்க விடவில்லை, நினைவிலிருந்து வரைந்து அனுப்புகிறேன் என்றேன்.

"தேர்ல எத்தனை குதிரை?"

"இப்ப ரெண்டுதான் தெரியுது. 1574-ல மேல வேலை செஞ்சவங்க கூரையில ஓட்டை போட்டுட்டாங்க. அந்தப் பக்கம் போயிடுச்சு."

"அப்ப ரெண்டே வரையுங்க. இருக்கிறத மட்டும் வரையுங்க" என்றாள்.

விடுதியில் வண்ணப் பென்சில் இல்லை. நாளை காலை மஞ்சளும் பச்சையும் வாங்க வேண்டும்.