24 வாரத்தைத் தாண்டியபின் உயர் நீதிமன்றம் வரை: எங்கள் அனுபவம்

பாலியல் வன்முறையால் உண்டான கருவைக் கலைக்க நம் நாட்டில் சட்டம் இடம் தருகிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 24 வாரம் வரை. 20 வாரத்துக்கு மேல் என்றால் இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். படிக்க எளிமையாகத்தான் இருக்கிறது.

இது என் சித்தப்பா மகளுக்கு நடந்தது. இருபது வயதைக் கடந்தவள், வேலைக்குப் போகிறவள். அதற்கு மேல் ஊர், பெயர், செய்தவன் யார் என்று எதுவும் எழுத மாட்டேன். எழுதச் சட்டமும் அனுமதிக்காது. "எழுதுக்கா, யாருக்காவது உதவும்" என்று அவள் சொன்னதால்தான் எழுதுகிறேன்.

அவள் எங்களிடம் சொன்னபோதே ஆறாவது மாதத்தை நெருங்கியிருந்தது. மாதவிடாய் அவளுக்கு எப்போதுமே ஒழுங்காக வராது. அவள் வீட்டுக்கு வந்துபோகிற ஆள்தான் அவன், மிரட்டல் வேறு. "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தா?" என்று கேட்காத ஆள் இல்லை. உறவுக்காரர்கள் கேட்டார்கள், வார்டு ஆயா கேட்டார். பதில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

நாங்கள் சம்பவம் நடந்த நாளிலிருந்து எண்ணினோம். 21 வாரம் முடிந்திருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தோம். மருத்துவமனையில் எண்ணுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. கரு உண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே அந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. அவன் அவளைத் தொடுவதற்கு முந்தைய நாட்களும் அதில் சேர்த்தி! தேதி அவளுக்கு நினைவில்லாததால் ஸ்கேனை வைத்து முடிவு செய்தார்கள். இந்த மாதங்களில் எடுக்கிற ஸ்கேன் ஒரு வாரத்துக்கு மேலும் முன்னே பின்னே காட்டலாம் என்று எடுத்த டாக்டரே சொன்னார். ஆனால் ரிப்போர்ட்டில் அச்சாவது ஒரே எண்தான். எங்களுடையதில் 23 வாரம் 4 நாள்.

அன்றைக்கே அட்மிஷன் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டார்கள். மகளிர் காவல் நிலையத்தில் புகாரை வாங்கினார்கள், நகல் கைக்கு வர நாளானது. நகலோடு போனால், "அப்பாவோ புருஷனோ வந்து கையெழுத்துப் போடட்டும்" என்றார் டியூட்டி டாக்டர். சித்தப்பா அந்த நாட்களில் அறையை விட்டே வெளியே வரவில்லை. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கருக்கலைப்புக்கு எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்க வேண்டிய அவசியமில்லை, குடும்பத்தின் சம்மதம் போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் வைக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதையெல்லாம் நான் செல்போனில் எடுத்துக் காட்டினேன். "எங்களுக்குச் சர்க்குலர் வரலையே" என்றார்கள். ஒருவழியாகச் சித்தப்பாவை அழைத்து வந்தபோது 24 தாண்டிவிட்டது. "இனிமே எங்க கையில இல்லம்மா, கோர்ட் ஆர்டர் வேணும்" என்றார் அதே டாக்டர். இந்த ஒன்றில் அவர் சொன்னது சரி. 24-க்கு மேல் என்றால் கருவில் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும், அல்லது தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும். வன்முறைக்கு அங்கே தனி இடம் இல்லை.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா முதலில் கேட்டது எஃப்.ஐ.ஆரை அல்ல, முதல் நாள் ஓ.பி. சீட்டை. அதில் இருந்த தேதிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டார். "நீங்க 24-க்குள்ளயே வந்துட்டீங்கங்கறதுக்கு இதுதான் சாட்சி." வேறு எதைத் தொலைத்தாலும் அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

மனுவில் அவள் பெயர் இல்லை, வெறும் 'எக்ஸ்'. காலையில் அவசர வழக்காக நீதிபதி முன் சொல்லி எடுக்க வைத்தார். 2023 ஆகஸ்ட்டில், இதேபோல் வன்முறைக்கு ஆளான குஜராத் பெண் ஒருவரின் கருக்கலைப்பு வழக்கைத் தள்ளிப்போட்டதற்காக அங்குள்ள உயர் நீதிமன்றத்தையே உச்ச நீதிமன்றம் கண்டித்ததும், 27 வாரம் கடந்தபின் அனுமதி கொடுத்ததும் அவர் மனுவில் இருந்தன. மருத்துவக் குழு பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று அன்றே உத்தரவானது.

குழுவில் மகப்பேறு, குழந்தை நலம், ஸ்கேன், மனநலம் என்று துறைக்கு ஒருவர். நடந்ததை அவள் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மனநல மருத்துவர் மட்டும், "எழுதினதைப் படிச்சிட்டேன்மா, நீ சொல்ல வேண்டாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்குக் கோயில் கட்டலாம்.

காத்திருந்த நாட்களில் பிரேசில் செய்தி கண்ணில் பட்டது. அது 2024 ஜூன். 22 வாரத்துக்கு மேல் செய்யும் கருக்கலைப்பை, வன்முறையால் உண்டானதாக இருந்தாலும், கொலைக்குச் சமமாக்கும் மசோதா அங்கே வந்திருந்தது. பாலியல் வன்முறை செய்தவனுக்குக் கிடைப்பதைவிட அந்தப் பெண்ணுக்குத் தண்டனை கூடுதலாகும் என்று பெண்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். நல்லவேளை நம் நாட்டில் அப்படி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கே சட்டம் போட்டுச் செய்யப் பார்த்ததை இங்கே ஒரு கையெழுத்தைக் கேட்டே செய்துவிட்டார்களே. 20-ஆ, 24-ஆ, 28-ஆ என்று நாடாளுமன்றத்தில் பேசட்டும். என்னைக் கேட்டால் வன்முறைக்கு வாரக் கணக்கே வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால், அவள் மருத்துவமனை வாசலை மிதித்த நாளோடு எண்ணுவதை நிறுத்துங்கள். பிறகு அலுவலகங்கள் தின்கிற நாட்கள் அவள் கணக்கில் வரக் கூடாது.

உத்தரவு சாதகமாக வந்தது. டி.என்.ஏ. மாதிரியைப் பத்திரப்படுத்தித் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பவும் அதில் சொல்லியிருந்தார்கள். குஜராத் வழக்கில், உயிரோடு பிறந்தால் மருத்துவமனை காப்பாற்ற வேண்டும், அரசு தத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உத்தரவானதால், வக்கீலம்மா அவளிடம் அதையும் முன்கூட்டியே பேசினார். "நான் பாக்கணும்னு கட்டாயம் இல்லையேக்கா?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன்.

இத்தனை வாரத்தில் மாத்திரை கொடுத்து வலி வரவைக்கிறார்கள்; கிட்டத்தட்ட பிரசவம்தான். முதலில் படுக்க வைத்தது பிள்ளை பெற்றவர்கள் வார்டில். ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் யாரையும் கேட்காமல் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார். பிறந்தபோது உயிர் இல்லை. அவள் உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. பழைய வேலைக்குப் போகவில்லை, வேறு இடத்தில் சேர்ந்திருக்கிறாள்.

மருத்துவமனையில் பணம் வாங்கவில்லை. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலேயே மனு கொடுக்கலாம், தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்களுக்கு இடைக்காலத் தொகை வந்தது, மீதி வரவில்லை. வழக்கு மகளிர் நீதிமன்றத்தில் நடக்கிறது. அவன் ஜாமீனில் இருக்கிறான். வாய்தாவுக்கு அவளோடு இப்போது சித்தப்பாதான் போகிறார்.