லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரிக் குறிப்பு: மே முதல் அக்டோபர் வரை வால்ஐயும் மஸ்கியும்

இந்த ஏரிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "இப்ப என்ன கலர் ஓடுது?" என்பதுதான். எந்த நிற லூருக்கு, அதாவது செயற்கை இரைக்கு, மீன் கடிக்கிறது என்று அர்த்தம். ஒரு பருவம் முழுக்க எழுதிவைத்த நோட்டைப் புரட்டிப் பார்த்தால் நிறத்துக்கு மூன்றாவது இடம்தான் கிடைக்கிறது. தண்ணீரின் வெப்பநிலை முதலாவது, இரை எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது இரண்டாவது. அதனால் கீழே உள்ள பதிவுகளுக்குத் தேதியைத் தலைப்பாக வைக்கவில்லை, தண்ணீரின் டிகிரிதான் தலைப்பு. எல்லாம் பாரன்ஹீட். அங்கே சோனார் திரையிலும் மக்கள் வாயிலும் அதுதான் புழக்கம்.

ஏரி அமெரிக்காவின் மினசோட்டா, கனடாவின் ஒன்டாரியோ, மானிடோபா மூன்றுக்கும் பொது. 14,000-க்கு மேல் தீவுகள். தெற்கே பிக் டிராவர்ஸ் வளைகுடா திறந்த வெளி, சேற்றுத் தரை, ஆழம் பெரும்பாலும் 30 அடியை ஒட்டி. வால்ஐ என்ற வேட்டை மீனுக்கு இது பந்தி விரித்த இடம். வடக்கே நார்த்வெஸ்ட் ஆங்கிள் பக்கம் தீவும் பாறைத்திட்டும் நீர்ச்செடியுமாக இருக்கும். மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனுக்கு அங்கேதான் போகவேண்டும். தண்ணீர் நீர்த்த டிகாக்‌ஷன் நிறம். தங்கம், ஆரஞ்சு, பிங்க், பச்சை கலந்த மஞ்சள் ஆகியவை இங்கே எடுபடுவதற்கு அந்தக் கலங்கல்தான் காரணம். தெளிந்த ஏரிக்குப் போனால் இதே பெட்டி உதவாது.

48 முதல் 55 டிகிரி

மே நடுவில் மினசோட்டா பக்கம் வால்ஐ பருவம் திறக்கிறது. ரெய்னி ஆற்றில் முட்டையிட்ட மீன்கள் ஃபோர் மைல் வளைகுடா வழியாக, லைட்ஹவுஸ் கேப் என்ற இடைவெளியைத் தாண்டி ஏரிக்குத் திரும்பும் நேரம் அது. துரத்திப் போகவேண்டாம். வழியில் நங்கூரம் போட்டு உட்கார்ந்தால் அதுவாக வரும். கயிறு ஆழத்தைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு, காற்று இருந்தால் ஏழு மடங்கு விடவேண்டும். கயிறு குட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் நங்கூரம் எகிறி, படகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவும். ஜிக் (தலையில் ஈயம் கோர்த்த ஹூக்) தரையில் இழுபடுவதை மீன் கடிப்பதாக நினைத்து ராடைச் சுண்டிக்கொண்டே இருப்போம்.

ராடு ஆறரை அடி முதல் ஏழு அடி வரை, மீடியம் லைட், நுனி மட்டும் வளைகிற ஃபாஸ்ட் வகை. 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். லைன் 10 பவுண்டு பிரெய்டு (பின்னிய நூல்), அதோடு 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (நுனியில் கட்டும் லைன்) ஆறடி. ஜிக் கால் அவுன்ஸ். ஆற்றின் இழுப்பு உள்ள இடத்தில் 3/8 அவுன்ஸ். எடையைத் தேர்ந்தெடுக்க ஒரே சோதனை போதும்: ஜிக்கை ஓரடி தூக்கி இறக்கினால் தரையைத் தொடும் 'டக்' விரலுக்குத் தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் ஒரு படி கூட்டுங்கள். எடை குறைந்தால் மீன் கூடுதலாகக் கடிக்கும் என்று 1/8 அவுன்ஸ் போட்டுப் பார்த்ததில், லைன் வில்லாக வளைந்து கடியே தெரியாமல் போனதுதான் மிச்சம்.

இரை, உறைய வைத்த எமரால்டு ஷைனர். மூன்று அங்குலப் பொடிமீன். இதைக் கோர்க்கும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. ஹூக் முனையை மீனின் வாய்க்குள் விட்டுச் செவுள் வழியாக வெளியே எடுக்கவேண்டும். ஜிக் தலை மீனின் மூக்கில் முட்டும்வரை மெல்ல இழுக்கவேண்டும். பிறகு மீனை அரைச்சுற்று திருப்பி, முனையை முதுகுத்துடுப்புக்குப் பின்னால் உடம்பில் குத்தி வெளியே கொண்டுவரவேண்டும். மேலே இருந்து பார்த்தால் மீன் ஸ்கேல் வைத்த மாதிரி நேராகக் கிடக்கவேண்டும். கொஞ்சம் கோணினாலும் தூக்கும்போது பம்பரமாகச் சுற்றும், லைன் முறுக்கேறும், வால்ஐ தொடாது. உதட்டில் மட்டும் குத்தினால் சதையைச் சுத்தமாக உருவிக்கொண்டு போய்விடும்.

உருகிய ஷைனர் கொழகொழத்துக் கையோடு வரும். பத்துப் பத்தாகச் சிறு பைகளில் பிரித்து, கல்லுப்பு தூவி உறைய வைத்தபோது சதை இறுகி, ஒரே மீன் இரண்டு மூன்று கடிக்குத் தாங்கியது.

ஆட்டும் முறை: ஆறு முதல் எட்டு அங்குலம் தூக்கி, லைன் தளராமல் கூடவே இறக்கி, தரைக்கு மேல் நாலு அங்குலத்தில் ஐந்து விநாடி அசையாமல் பிடிக்கவேண்டும். இந்தக் குளிரில் கடி என்பது வெடுக்கென்ற இழுப்பாக இருக்காது. தூக்கும்போது ஈரத்துணி தொங்குவது போல ஒரு கனம் மட்டும் இருக்கும். அந்தக் கனம் தெரிந்ததும் ராடைத் தூக்கவேண்டியதுதான். வால் மட்டும் கடிபட்டுத் திரும்பினால், ஜிக்கிலிருந்து மூன்று அங்குல லைனில் 10-ஆம் எண் ட்ரெபிள் ஹூக் (மூன்று முள் உள்ளது) ஒன்றைக் கட்டி வால் பக்கம் விடலாம். எப்போதும் வேண்டாம், தரையில் மாட்டும்.

60 முதல் 68 டிகிரி

மீன்கள் ஆற்று வாயை விட்டுப் பரந்த சேற்றுத் தரைக்கு நகர்ந்துவிடும். இனி நங்கூரம் வேண்டாம், ஓட்டிக்கொண்டே தேடவேண்டும். இதற்கான கருவி பாட்டம் பவுன்சர்: வளைந்த கம்பி, அதன் காலில் கோர்த்த ஈயக்குண்டு. காலின் நுனி தரையைத் தட்டிக்கொண்டே போகும். மேல்கையில் நாலடி லைன், அதில் 4-ஆம் எண் கொலராடோ பிளேடு (சுழலும் தகடு), ஐந்தாறு மணிகள், முன்னும் பின்னுமாக இரண்டு ஹூக்.

பத்தடி ஆழத்துக்கு ஓர் அவுன்ஸ் என்ற பழைய கணக்கு 20 அடி வரை சரி. இங்கே 28 அடியில் இரண்டு அவுன்ஸே மணிக்கு ஒரு மைல் வேகத்துக்குப் போதும். கணக்கைவிடக் கோணத்தைப் பாருங்கள். லைன் தண்ணீருக்குள் 45 டிகிரியில் இறங்கவேண்டும். அதற்கு மேல் படுத்துவிட்டால் பவுன்சர் தரையை விட்டு மிதக்கிறது என்று அர்த்தம். மேலும் லைன் விடாமல் வேகத்தைக் குறையுங்கள், இல்லையேல் எடையைக் கூட்டுங்கள். லைனை விட்டுக்கொண்டே போனால் கம்பி படுத்து, பிளேடு சேற்றில் புரளும்.

மண்புழுவை முன் ஹூக்கில் தலை நுனியில் ஒரே குத்து. பின் ஹூக்கில் குத்தும்போது இடையில் கொஞ்சம் தளர்வு விடவேண்டும். இழுத்துக் கட்டிய மாதிரி இருந்தால் புழு சுருண்டு, பிளேடோடு சேர்ந்து முழு லைனும் சுற்றும். கால் மணி நேரத்தில் முடிச்சுக் கூடையாகிவிடும். தண்ணீரில் விடுவதற்கு முன் படகின் ஓரத்தில் இரண்டடி இழுத்துப் பாருங்கள். பிளேடு மட்டும் சுற்றவேண்டும், புழு நீந்தவேண்டும்.

கடி வந்ததும் வெட்டி இழுக்கக்கூடாது. வால்ஐ முதலில் புழுவின் வாலைத்தான் பிடிக்கும். ராடைப் பின்னால் கொடுத்து, நுனி முழுக்க வளைந்து கனம் நிலைத்தபின் பக்கவாட்டில் நிதானமாக இழுத்தால் போதும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வால்ஐயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. டார்ச் அடித்தால் கொடுவாயின் கண் மின்னுமே, அதே மாதிரி. மங்கிய வெளிச்சத்தில் இரைமீனைவிட இதற்கு நன்றாகத் தெரியும், அதில்தான் அதன் வேட்டை. ஆகவே கண்ணாடி மாதிரி அமைதியான பகலில் மதியம் முழுக்க உழைப்பதைவிட, காற்றில் ஓரடி அலை புரண்டு வெளிச்சம் மங்கும் நேரத்திலும் பொழுது சாயும் ஒரு மணி நேரத்திலும் வைத்த உழைப்புக்குப் பலன் அதிகம். இது பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

சட்டம்: ஏரியின் மினசோட்டா பகுதியில் 19.5 முதல் 28 அங்குலம் வரையுள்ள வால்ஐயை உடனே விட்டுவிடவேண்டும். 28-க்கு மேல் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம். முட்டையிடும் பெண்மீன்கள் அந்த அளவுக்குள்தான் வருகின்றன, எனவே அளவுகோலை மதியுங்கள். 30 அடிக்கும் கீழே இருந்து வேகமாக மேலே வந்த மீன் காற்றுப்பை உப்பிப் பிழைக்காமல் போகலாம். விடவேண்டிய அளவு மீனாகவே வந்தால் அந்த ஆழத்தை விட்டு நகர்ந்துவிடுவதுதான் நியாயம். ஒன்டாரியோ பக்கம் போவதாக இருந்தால் பொடிமீனையும் அட்டையையும் எல்லைக்கு இந்தப் பக்கமே விட்டுவிடவேண்டும். கொண்டுபோக அனுமதி இல்லை.

70 டிகிரிக்கு மேல்: மஸ்கி

நம் ஊரில் விரால் அடித்தவர்களுக்கு மஸ்கியின் குணம் பாதி புரிந்துவிடும். செடியோரம், பாறை விளிம்பு, நிழல், பதுங்கல், ஒரே பாய்ச்சல். மீதிப் பாதிதான் சோதனை: லூரைப் படகு வரைக்கும் பின்தொடர்ந்து வந்து, பார்த்துவிட்டு, கடிக்காமல் கீழே இறங்கிவிடும். மஸ்கி பிடிப்பவர்களின் திறமை எல்லாம் அந்தக் கடைசி எட்டடியில் இருக்கிறது.

சாமான்கள்: எட்டரை அல்லது ஒன்பதடி ஹெவி ராடு, 300 அல்லது 400 அளவு பெய்ட்காஸ்டர் ரீல், 80 பவுண்டு பிரெய்டு, 130 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் ஓரடிக்குக் குறையாமல். மீனின் எடைக்காக இவ்வளவு தடித்த லைன் தேவையில்லை. ஆறு அவுன்ஸ் லூரை வீசும்போது ரீலில் சிக்கல் விழுந்தால் அந்த அதிர்ச்சியில் 50 பவுண்டு லைன் துப்பாக்கி மாதிரி வெடித்து அறும், லூர் தனியாகப் பறக்கும். நீண்ட ராடு வாங்குவது தூரம் வீசுவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அதன் உண்மையான பயன் படகோரத்தில் லூரால் '8' வடிவம் போடும்போது தெரியும்.

எட்டு போடுவது இப்படி. லூர் நெருங்கும்போதே ராடு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள். லீடர் முழுவதும் நுனிக்கு வெளியே இருக்கும்போதே சுற்றுவதை நிறுத்துங்கள். லீடர் முடிச்சு வளையத்தில் மாட்டினால் கதை முடிந்தது. லூர் நிற்கவே கூடாது, ஒரு நொடி நின்றாலும் மீன் விலகும். நேராக வந்த வேகத்தோடு அப்படியே பக்கவாட்டில் திருப்பி, ராடின் பாதி நீளம் தண்ணீருக்குள் போகும் அளவுக்கு ஆழமாக, அகலமாக ஒரு முட்டை வடிவம் போடுங்கள். ஐம்பது அங்குல மீன் சின்ன வட்டத்தில் திரும்ப முடியாது. குறுகலாக எட்டு போட்டால் முதல் திருப்பத்திலேயே லூர் அதன் பார்வையை விட்டுப் போய்விடும். திருப்பத்தில் வேகத்தைக் கூட்டவேண்டும். கை தானாக அங்கே மெதுவாகும், அதைப் பழகித் திருத்தவேண்டும். கடி பெரும்பாலும் இரண்டாவது திருப்பத்தின் வெளிப்பக்கத்தில் விழுகிறது. மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சுக்கும் இதைச் செய்யுங்கள். டிகாக்‌ஷன் நிறத் தண்ணீரில் மூன்றடிக்குக் கீழே வருவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடித்ததும் மேலே தூக்கினால் வாயிலிருந்து லூர் உருவிக்கொண்டு வரும். மீன் போகும் திசைக்கு எதிராக, தண்ணீர் மட்டத்திலேயே பக்கவாட்டில் வலிக்கவேண்டும். வெளியே இருப்பது ஓரிரு அடி லைன்தான், நீட்சி துளியும் இல்லை. டிராக் (ரீலில் லைனைப் பிடிக்கும் பிரேக்) இறுகியே இருந்தால் ஹூக் நிமிரும். கொத்தி நிலைத்த மறுகணம் கட்டைவிரலை ஸ்பூலில் வைத்துக்கொண்டு கிளட்சைத் திறந்து, தேவைக்கு லைன் கொடுங்கள்.

லூர் விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோடையில் 10-ஆம் எண் இரட்டை பிளேடு பக்டெயில் (மயிர்க்குஞ்சம் கட்டிய லூர்), மங்கிய வெளிச்சத்தில் மேல்தண்ணீர் லூர். 8-ஆம் எண் பிளேடு தோளுக்கு இதம், ஜூனில் அதுவே போதும்.

விடுவதற்கான சாமான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் முதல் வீச்சு போடாதீர்கள்: ரப்பர் பூசிய பெரிய கைவலை, 11 அங்குல இடுக்கி, ஹூக் கம்பியை வெட்டும் கட்டர். மீன் வலைக்குள், வலை தண்ணீருக்குள். கழற்ற வராத ஹூக்கை யோசிக்காமல் வெட்டுங்கள். புது ட்ரெபிள் மலிவு, அந்த அளவு வளர மீனுக்குப் பல ஆண்டுகள் ஆகும். படத்துக்காகத் தூக்கினால் கிடைமட்டமாக, வயிற்றுக்குக் கீழே ஒரு கை கொடுத்து, பத்துப் பதினைந்து விநாடி. தண்ணீர் 80 டிகிரியைத் தொட்டால் மஸ்கி பிடிப்பதையே நிறுத்துங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. நன்றாக நீந்திப்போன மீன்கூடச் சில மணி நேரம் கழித்து இறக்கும். மினசோட்டாவில் மஸ்கிக்கு 2015 முதல் குறைந்தபட்ச அளவு 54 அங்குலம், ஆகவே ஏறக்குறைய எல்லாமே திரும்பிப் போகவேண்டிய மீன்தான். அந்த மாநிலத்தின் எடைச் சாதனை 2021 நவம்பரில் மில் லாக்ஸ் ஏரியில் வந்தது: 55 பவுண்டு 14.8 அவுன்ஸ்.

60-லிருந்து 45-க்கு இறங்கும்போது

செப்டம்பரில் செடிகள் பழுக்கத் தொடங்கியதும் மஸ்கி பாறைக்கு மாறுகிறது. பழுப்பான செடியில் வீசுவது வீண், பச்சையாக மிஞ்சிய திட்டு இருந்தால் மட்டும் அங்கே நில்லுங்கள். 55-க்குக் கீழே பக்டெயிலைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பெரிய ரப்பர் லூருக்கு மாறவேண்டும். இழு, நிறுத்து, இரண்டு எண்ணு, மறுபடி இழு. இறங்கும்போதுதான் கடிக்கும், லைன் திடீரெனத் தளர்ந்தாலும் அது கடிதான்.

ஆற்றுப் பக்கம் எமரால்டு ஷைனர் கூட்டங்கூட்டமாக ரெய்னி ஆற்றுக்குள் ஏறுகிறது, பின்னாலேயே வால்ஐயும் வருகிறது. மே மாதத்து ஜிக், அதே நங்கூரம், அதே கோர்வை. ஒரே வித்தியாசம், மீன் கொழுத்திருக்கும்.

45-ஐ நெருங்கும்போது டல்லிபி மீன்கள் முட்டையிடப் பாறைத்திட்டுகளின் மேல் வரும். அவற்றைத் தின்னப் பெரிய மஸ்கிகள் ஆழத்தின் விளிம்பில் நிற்கும். எட்டு முதல் இருபது அடிக்குள், செங்குத்தாக இறங்கும் பாறைப் பக்கமாக வீசுங்கள். காலையில் ராடு வளையங்களில் பனிக்கட்டி கட்டி லைன் உரசும். கத்தியால் சுரண்டினால் வளையத்தின் உள்பூச்சு விரிசல் விடும், அதன்பின் ஒவ்வொரு வீச்சிலும் பிரெய்டு நாராகக் கிழியும். நுனியைத் தண்ணீருக்குள் பத்து விநாடி பிடித்தால் போதும், தானாக உருகிவிடும்.