ஓவியப் பாடவேளையைத் திரும்பக் கேட்டோம்

என் மகன் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். வகுப்புக் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு ஓவியப் பாடவேளைகள் உண்டு. அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு அவனுடைய ஓவிய நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் ஒரு செம்பருத்தி. நான்கு இதழ்களுக்குச் சிவப்பு, ஐந்தாவது இதழ் பென்சில் கோட்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எல்லாமே வெற்றுத் தாள். அந்த நேரத்தில் கணக்குதான் நடக்கிறது என்றான்.

தலைமையாசிரியர் எதையும் மறைக்காமல் பேசினார். ஓவியம் கற்றுத்தர ஆளில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் கணக்கையும் வாசிப்பையும் சோதிக்கிறார்கள், ஓவிய நோட்டை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றார். எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. கேட்பாரில்லை என்பதற்காகவே ஒரு பாடம் காணாமல் போவதைத்தான் தாங்க முடியவில்லை. பையன் கணக்கில் தேறட்டும்; அதற்காக அந்தப் பூவை ஏன் பாதியில் விட வேண்டும்?

2009 கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதன் இணைப்புப் பட்டியல் தெளிவாகவே சொல்கிறது: ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 குழந்தைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்வி, உடற்கல்வி, பணிக் கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012-இல் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது இதற்காகத்தான். எங்கள் பள்ளியில் அந்த வகுப்புகளின் மாணவர் எண்ணிக்கை 100-ஐத் தாண்டும். ஆகவே நாங்கள் கேட்பது சலுகை அல்ல.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதினேன். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. “ஏன் ஓவிய வகுப்பு நடக்கவில்லை?” என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. அந்தச் சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. எனவே நடப்புக் கல்வியாண்டின் கால அட்டவணை நகல், ஓவியப் பயிற்றுநருக்கு அனுமதிக்கப்பட்ட பணியிட விவரம், அந்த இடம் காலியான தேதி, அதை நிரப்பக் கோரிப் பள்ளி அனுப்பிய கடிதங்களின் நகல் ஆகியவற்றை மட்டும் கேட்டேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினேன். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பிரிவு 6(2) அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

30 நாள் கெடு முடிந்தும் பதில் இல்லை. பிரிவு 19(1)-இன்படி முதல் மேல்முறையீடு செய்த பிறகே உறை வந்தது. பணியிடம் காலி என்று எழுதியிருந்தார்கள். நிரப்பக் கோரிய கடிதம் ஒன்றுகூட இல்லை. இத்தனை பேர் படிக்கும் பள்ளியில் ஒரு கடிதம் எழுத யாருக்கும் தோன்றவில்லை என்பது என்னை மிகவும் வருத்தியது.

அந்த நகலோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனேன். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். முதலில் பேச்சு கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி என்றே போயிற்று. அவையும் நியாயமான குறைகள்தான். பிறகு நோட்டைக் கைமாற்றினேன். ஒரு தாய் தன் மகளுடைய நோட்டும் இப்படித்தான் இருக்கிறது என்றார். அதன்பின் பேச்சு சூடு பிடித்தது. ஓவியப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது, பயிற்றுநர் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு எழுத வேண்டும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் வண்ணங்களுக்கும் தாளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டோம். வாயால் சொன்னது கூட்டத்தோடு போய்விடும் என்பதால் பதிவேட்டில் ஏறும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

இப்போது வாரத்தில் ஒரு பாடவேளை திரும்பியிருக்கிறது. வகுப்பாசிரியரே வரையச் சொல்கிறார். மற்றொன்றில் இன்னமும் கணக்குதான். பயிற்றுநர் வரவில்லை. அனுப்பிய கடிதத்தின் நிலை என்ன என்பதை அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் முதலாவதாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.