முதல் ஒரு நிமிடம்

கார்ப் புகையை அளக்கும் எமிஷன் டெஸ்ட் லேபில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை காரைத் தள்ளுவது. முந்தின நாள் ஓட்டி நிறுத்திய காரைக் குறைந்தது 12 மணி நேரம் ஆறவிட்டு, இன்ஜினைத் தொடாமல் கையால் தள்ளித்தான், நின்ற இடத்திலேயே சக்கரத்தை ஓடவிடும் ரோலர்மேல் ஏற்ற வேண்டும். ஒருநாள் நினைவில்லாமல் சாவியைத் திருப்பிவிட்டேன். இரண்டு விநாடிதான் ஓடியது. அந்த டெஸ்ட் போச்சு. மறுபடி 12 மணி நேரம்.

மூத்த இன்ஜினியர் திட்டவில்லை. ஸ்கிரீன் முன்னால் உட்காரவைத்து, வேறொரு காரின் பதிவைக் காட்டினார். ஸ்டார்ட் ஆனதும் ஹைட்ரோகார்பன், அதாவது எரியாமல் வெளியேறும் எரிபொருள், காட்டும் கோடு விர்ரென்று மேலே ஏறியது. ஒரு நிமிடம் ஆவதற்குள் சரிந்து, தரையோடு படுத்துவிட்டது. மீதி டெஸ்ட் முழுக்க லேசான அசைவுதான். புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றிவிடும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸ் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதுவரை இன்ஜின் விடும் புகை பெரும்பாலும் அப்படியே வெளியே போகும். "நம்ம பாடு முழுக்க இந்த ஒரு நிமிஷத்தோடதான், தம்பி" என்றார்.

அப்புறம் அறுத்துவைத்த பழைய கன்வர்ட்டர் ஒன்றைக் கையில் கொடுத்தார். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான். அதன் சுவர்களில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும்.

இந்தத் தேன்கூட்டைக் காருக்குள் கொண்டுவந்தது சட்டம்தான். 1913-ல் ஃபோர்டு தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தபின், 12 மணி நேரத்துக்குமேல் பிடித்த சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) பூட்டும் வேலை 93 நிமிடத்துக்கு இறங்கியது. கார்கள் பெருகின, புகையும் பெருகியது. லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டத்தில் வாகனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் 1950-களில் காட்டினார். 1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், 1975 மாடல்களில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. முடியவே முடியாது என்றார்கள் தயாரிப்பாளர்கள். கெடு தள்ளிப்போனது உண்மைதான். ஆனாலும் 1975-ல் அங்கே விற்ற பெரும்பாலான புதிய கார்களில் கன்வர்ட்டர் இருந்தது.

இதில் என்னை மிகவும் நெகிழவைப்பது ஈயத்தின் கதை. இன்ஜினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக எரிந்து 'டக் டக்' என்று தட்டாமல் இருக்க 1920-களிலிருந்து பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். ஈயம் பட்டால் கன்வர்ட்டர் பாழாகிவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தாக வேண்டியிருந்தது. காரின் ஒரு பாகத்தைக் காப்பாற்றப்போய், குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் குறைந்தது. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-ல்தான்.

2015-ல் ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் விவகாரம் வெளிவந்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. டெஸ்ட் நடப்பதை மென்பொருளே கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையை அடக்கியிருக்கிறது. நாங்கள் விநாடி விநாடியாகக் காப்பாற்றிய நம்பிக்கை அது. 2017 முதல் ஐரோப்பாவில் புதிய மாடல்களைக் கருவி கட்டிச் சாலையிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். அது எப்போதோ வந்திருக்க வேண்டும்.

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அந்த ஹைட்ரோகார்பன் கோட்டைக் காட்டிவிடுகிறேன். காரைத் தள்ளச் சொல்வதெல்லாம் அதற்கப்புறம்தான்.