கத்திக்கு முன்னால் சுத்தியல்

முதுகுவலிக்கு எந்த மருத்துவரைப் பார்ப்பது என்பதிலேயே குழப்பம் தொடங்கிவிட்டது. எலும்பு மருத்துவரா, நரம்பு மருத்துவரா? விருதுநகரில் நான் கேட்டவர்கள் ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். பெரியம்மா எண்ணெய்க் கட்டுப் போடச் சொன்னார். எங்கள் தலைமையாசிரியரோ வெறுந்தரையில் பாய் விரித்து அசையாமல் படுத்திருக்கச் சொன்னார். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையை எலும்பியல் துறையில் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களும் செய்கிறார்கள், மூளை நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர்களும் செய்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நரம்பியல் மருத்துவர் மருந்து கொடுப்பவர், கத்தி பிடிப்பவர் அல்லர். இவ்வளவையும் யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆலோசனைக் கட்டணமாவது மிஞ்சியிருக்கும்.

எனக்கு முதுகைவிடக் காலில்தான் வலி. இடுப்பில் குத்தலாகத் தொடங்கியது, சில வாரங்களில் இடது பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கம் இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடியது. நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம், உட்கார்ந்தால் உயிர் போகும். மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது இருக்கை காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கண்டக்டர், "உட்காருங்கள் டீச்சர்" என்று கள்ளிக்குடி வரை சொல்லிப் பார்த்துவிட்டு, ஏதோ வேண்டுதல் என்று நினைத்தாரோ என்னவோ, விட்டுவிட்டார்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் படித்தபோது வலியைவிடப் பயம் பெரிதாகிவிட்டது. இடுப்பின் கடைசி முள்ளெலும்புக்கும் (எல்5) அதற்குக் கீழுள்ள எலும்புக்கும் (எஸ்1) இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி இடது எஸ்1 நரம்பு வேரை அழுத்துகிறது, அதற்கு மேலே எல்4-எல்5 வட்டிலும் தேய்மானம், லேசான பிதுக்கம் என்று பக்கம் முழுக்க இருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தவர் என்னைப் படுக்கச் சொல்லவில்லை, காலைத் தொடவும் இல்லை. "பெரிய பிதுக்கம். இந்த வாரமே ஆபரேஷன் செய்துவிடலாம்" என்றார். வெளியே வருவதற்குள் காப்பீட்டு அட்டையைக் கேட்டுவிட்டார்கள்.

வீட்டுக்காரர்தான் இன்னொருவரிடமும் கேட்டுவிடுவோம் என்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். புறநோயாளிச் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, முறை வந்தபோது நண்பகல் நெருங்கியிருந்தது. அந்த மருத்துவர் படத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. "அது இருக்கட்டும் அம்மா, முதலில் நடந்து காட்டுங்கள்" என்றார். குதிகாலில் நடந்தேன். முன்பாதத்தில் நடந்தபோது இடது குதிகால் சரியாக எழும்பவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் இடது காலை மெல்லத் தூக்கினார். பாதி உயரம்கூட வரவில்லை, மின்சாரம் பாய்ந்ததுபோல் கத்திவிட்டேன். பெருவிரலை மேல்நோக்கி மடக்கச் சொல்லித் தன் விரலால் எதிர்த்து அழுத்தினார், அதில் பலம் குறையவில்லை. பிறகு ரப்பர் சுத்தியலால் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரில் தட்டினார். வலது பாதம் துள்ளியது. இடது பாதம் சும்மா கிடந்தது.

"எஸ்1 நரம்பு" என்று சொல்லிவிட்டுத்தான் படத்தை எடுத்தார். படம் அதையே சொன்னது. எல்4-எல்5 பற்றி அறிக்கையில் இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை, அதற்கு ஏற்ற அறிகுறி என் காலில் இல்லை என்றார். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2015-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், 20 வயதினரிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் வட்டுப் பிதுக்கம் காணப்பட்டதாகப் பின்னாளில் படித்தேன். அறிக்கை எழுதுபவர் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதத்தான் வேண்டும். அதில் எது வலிக்கிறது என்பதைக் காலைத் தூக்கிப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

பெரிய பிதுக்கம் என்ற பயத்துக்கும் பதில் வைத்திருந்தார். வட்டின் உள்கூழ் உறையைக் கிழித்து வெளியே வந்துவிட்டால், உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருளாகக் கருதிக் கரைக்கத் தொடங்குமாம். சிறு வீக்கத்தைவிட இப்படி வெளியே வந்த பெரிய துண்டு சுருங்குவதற்கே வாய்ப்பு அதிகமாம். பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் கால்வலி தணிந்துவிடும், பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தன்னையறியாமல் போனாலோ, மலம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும். பாதம் தொங்க ஆரம்பித்தாலும் தாமதிக்கக் கூடாது. அன்று எனக்கு முன்னால் ஒரு லோடுமேன் உட்கார்ந்திருந்தார். நடக்கும்போது அவருடைய வலது செருப்பு கழன்று பின்னால் கிடந்தது, அவருக்கு அது தெரியவே இல்லை. அவரை அப்போதே உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே ஆபரேஷனே கெட்டது என்று யாராவது என்னிடம் பேச வந்தால் அந்தச் செருப்பைச் சொல்வேன்.

மாத்திரைகளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நரம்பு வலிக்கான மாத்திரை தலைசுற்ற வைத்தது, கரும்பலகையில் வரிகள் கோணலாகப் போயின. உதவியது இயன்முறை சிகிச்சைதான். அங்கிருந்த பெண் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, கையை ஊன்றி மேலுடம்பை மட்டும் எழுப்பச் சொன்னார். நியூசிலாந்துக்காரரான ராபின் மெக்கென்சியின் முறையாம். எல்லோருக்கும் இது ஒத்துவராது, சிலருக்கு நேரெதிராக முன்னால் குனிவதுதான் இதம், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் செய்வதைப் பார்த்து நீங்கள் செய்யாதீர்கள் என்று எச்சரித்தார். "இடுப்பு கூடுதலாக வலித்தாலும் பரவாயில்லை. பாதத்து வலி மேலே ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறினால் தேறுகிறீர்கள். கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள்." அவர் சொன்னபடியே வலி முதலில் சுண்டுவிரலை விட்டது, பிறகு கெண்டைக்காலை. கடைசியில் பிட்டத்தில் மட்டும் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

தலைமையாசிரியரின் பாய் வைத்தியத்தை அந்தப் பெண் சிரித்தபடியே மறுத்துவிட்டார். முடிந்தவரை நடமாட வேண்டும், நாள் முழுக்கப் படுத்தால் தசைதான் தளரும் என்பதுதான் அங்கே சட்டம்.

இப்போது பஸ்ஸில் உட்கார்ந்தே போகிறேன், திருமங்கலத்தில் ஒருமுறை எழுந்து நின்றுகொள்வதோடு சரி. நோட்டுக் கட்டைப் பிள்ளைகள் தூக்கி வருகிறார்கள். போன மறுபரிசோதனையில் மருத்துவர் மறுபடி சுத்தியலால் தட்டினார். இடது பாதம் இன்னும் துள்ளவில்லை. அது திரும்பி வராமலே போகலாம், முன்பாதத்தில் நிற்கப் பலம் வந்துவிட்டதால் கவலை இல்லை என்று எழுதிச் சீட்டை நீட்டினார்.