முயல் உடம்பை உதறும் இடம்

பாலி மொழியில் அமைந்த ஜாதகத் தொகுப்பில் 547 கதைகள் இருக்கின்றன. புத்தர் தம் முற்பிறவிகளில் மானாகவும் முயலாகவும் குரங்காகவும் வாழ்ந்ததைச் சொல்லும் கதைகள் அவற்றுள் பல. நாங்குநேரி வட்டாரத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துவரும் நான், வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில் அவற்றில் சிலவற்றையே மாற்றி மாற்றிச் சொல்லிவருகிறேன். கருணையைப் பற்றிக் குழந்தைகளிடம் பேசுவதற்கு இவற்றைவிட நேரான கதைகளை நான் கண்டதில்லை. ஆனால் அவற்றைச் சொல்லும் முறையில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. கதை முடிந்தவுடன் ‘இக்கதையால் நாம் அறியும் நீதி’ என்று ஆசிரியர் ஒரு வரியைச் சேர்த்தால், அதுவரை அந்த விலங்கின் பக்கத்தில் நின்றிருந்த குழந்தை மறுகணமே தேர்வு எழுதும் மாணவனாகிவிடுகிறது.

சச ஜாதகம் எனப்படும் முயல் கதையில், நோன்பு நாளில் தன்னிடம் வந்து கேட்பவருக்கு உணவு தரவேண்டும் என்று முயல் உறுதி கொள்கிறது. அதன் தோழர்களான நீர்நாய், நரி, குரங்கு மூன்றுக்கும் கொடுப்பதற்கு ஏதோ கிடைத்துவிடுகிறது. புல் தின்னும் முயலிடம் மனிதருக்குத் தர ஒன்றுமில்லை. ஆகவே அந்தண வடிவில் வந்த சக்கனிடம், அதாவது இந்திரனிடம், தீ மூட்டச் சொல்லி, தன் உடலையே கொடுக்க முனைகிறது. குதிப்பதற்கு முன், தன் ரோமத்துக்குள் இருக்கும் சிற்றுயிர்களும் சேர்ந்து வெந்துவிடக் கூடாதே என்று மூன்று முறை உடம்பை உதறிக்கொள்கிறது. தீ அதைச் சுடவில்லை என்றும், சக்கன் மலையைப் பிழிந்த சாற்றால் நிலவில் முயலின் உருவை வரைந்தான் என்றும் கதை முடிகிறது. உயிரையே கொடுப்பது பத்து வயதுக் குழந்தைக்கு எட்டாத செயல். எட்டவும் வேண்டாம் என்பேன். உதறுவது எட்டுகிறது. அந்த இடம் வந்ததும் சற்று நிறுத்தித்தான் மேலே செல்வேன். ஒருமுறை அந்த இடைவெளியில் ஒரு பையன் எழுந்து, தன் சட்டையைப் பிடித்து மூன்று தரம் உதறிக் காட்டினான். உடனே ஒரு சிறுமி, “அப்ப எங்கம்மை பேன் பாத்துக் குத்துதாளே டீச்சர், அது?” என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. ஈருவலியால் வாரி வெளியே விட்டுவிடலாம் என்றான் ஒருவன்; அது வேறொருவர் தலையில் ஏறிக்கொள்ளும் என்றாள் இன்னொருத்தி. மணி அடிக்கும் வரை அவர்களைப் பேசவிட்டேன். பேனைக் காப்பாற்றச் சொல்வது என் எண்ணமன்று. நசுக்கும் முன் அதையும் ஓர் உயிராக எண்ணிப் பார்த்ததே எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

நிக்ரோத மான் கதை இன்னும் கடினமானது. காசி அரசனின் அடுக்களைக்கு நாளொரு மான் முறை வைத்துப் போகவேண்டும். சினையாக இருக்கும் ஒரு மானுக்கு முறை வரும்போது அதன் மந்தைத் தலைவன் மாற்றித்தர மறுக்க, மற்றொரு மந்தையின் தலைவனான நிக்ரோத மான் தானே வந்து கொலைக்கட்டையில் கழுத்தை வைக்கிறது. குளத்துத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வீடுகளில் சுடலைமாடன் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடாக்குட்டிகள் நிற்கும். அவற்றுக்குக் குழை ஒடித்துப் போடுவதும் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தாம். “எங்க கிடாவுக்கு ஆடியில முறை வருது டீச்சர். அதுக்குப் பதிலா யாரு போவா?” என்று ஒருவன் கேட்டான். பெற்றோரின் நேர்ச்சையைப் பிள்ளையின் முன் பழிக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. அந்தக் கேள்வியை மூடி மறைக்கவும் உரிமை இல்லை. கதையே இதற்கு வழிகாட்டுகிறது என்று நினைக்கிறேன். அது அரசனை அரக்கனாகக் காட்டுவதில்லை. அவன் மானின் பேச்சைக் கேட்கிறான். இரு மான்களுக்குத் தந்த அபயம் மந்தைகளுக்கும், பிறகு நாற்கால் உயிர்களுக்கும், பறவைகளுக்கும், மீன்களுக்கும் என்று விரிகிறது. கதையை வீட்டில் போய்ச் சொல்லும்படி அவனிடம் கூறினேன். ஆச்சி முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த மான் ராசா நல்லாயிருக்கணும்” என்றாளாம். கொடை வழக்கம்போல் நடந்தது.

இவற்றை வடக்கிலிருந்து வந்த கதைகள் என்று பிரித்துவைக்க எனக்கு விருப்பமில்லை. பொதிகை முனிவர் அகத்தியரே போதிசத்துவரான அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று 11ஆம் நூற்றாண்டின் இலக்கண நூலான வீரசோழியம் சொல்கிறது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரனும் நமக்கு அயலான் அல்லன். குமரியில் நீராட வந்த சாலி என்பவள் வழியில் பெற்றுக் கைவிட்டுப் போன குழந்தை அவன். ஒரு பசு ஏழு நாள் பால் சுரந்து அவனைக் காத்தது. வளர்ந்தபின், வேள்விக்கென்று கட்டியிருந்த ஒரு பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறான். ஊரார் அவனைத் துரத்துகிறார்கள். பிச்சைப் பாத்திரத்தில் சோற்றுக்குப் பதிலாகக் கல்லைப் போடுகிறார்கள். ஜாதகக் கதைகளில் நன்மை செய்தவருக்கு அரசனோ சக்கனோ பெரும்பாலும் துணைவந்துவிடுகிறார்கள். இங்கே அப்படி யாரும் உடனே வருவதில்லை. மதுரைக்குப் போய்ப் பிச்சையெடுத்து, கண் தெரியாதவர்களையும் நடக்க முடியாதவர்களையும் முதலில் உண்பித்து, மிஞ்சியதைத் தான் உண்டு, அந்தத் திருவோட்டையே தலைக்கு வைத்துப் படுக்கிறான். அமுதசுரபி அதற்கும் பிறகுதான் அவன் கைக்கு வருகிறது.

கல் போடும் இடத்தில் பிள்ளைகளுக்குக் கோபம் பொங்கும். “பசுவைக் காப்பாத்துனவனுக்கா கல்லு?” என்று கத்துவார்கள். அன்றைய கதையை நான் அங்கேயே நிறுத்திவிடுவது வழக்கம். அந்தக் கோபத்தை ஒரு வாரம் அவர்கள் சுமந்து திரியட்டும் என்றே அப்படிச் செய்கிறேன். மதுரையையும் அமுதசுரபியையும் அடுத்த வெள்ளிக்கிழமை சொல்வேன்.