நெட் தேர்வுக்குப் பின்நவீனத்துவமும் மத ஆய்வும்: எங்கே தொடங்குவது?

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் மதங்களின் ஒப்பாய்வுப் பாடத்தை எடுப்பவர்கள் நம் தருமபுரிப் பக்கம் அபூர்வம். கோச்சிங் சென்டரில் கேட்டால் 'அப்படி ஒரு பாடமா?' என்பார்கள். தனியாகப் படித்துத் தேறியவன் என்பதால், பலரும் பயந்து ஒதுக்கும் பின்நவீனத்துவம் என்ற பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றையும் விளக்கும் ஒரே பெரிய உண்மை உண்டு என்பதைச் சந்தேகிக்கும் சிந்தனைப் போக்கு அது.

பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவில் ஆரம்பிக்காதீர்கள். தமிழில் தொண்ணூறுகளின் சிற்றிதழ்களில் நடந்த பின்நவீனத்துவ விவாதங்களும் இப்போதைக்கு வேண்டாம். படிக்கச் சுவைதான், மார்க் வராது. முதலில் மத வரலாற்றாய்வாளர் எலியாதேவின் 'புனிதமும் புனிதமற்றதும்' (1957). புனிதக் கல் கல்லாகவே இருக்கிறது, ஆனாலும் அதில் புனிதம் வெளிப்படுகிறது என்பார். இதைப் படித்த கையோடு அரூர், ஊத்தங்கரைப் பக்கம் நாட்டுப்புறத் தெய்வமான வேடியப்பனின் கோயில் ஒன்றுக்குப் போய் வாருங்கள். சாமியாக நிற்பது பல இடங்களில் நடுகல்தான். வில்லோடு ஒரு வீரன். மாடு மீட்கும் பூசலில் செத்தவன். எண்ணெயும் மஞ்சளும் அப்பி, கல்லில் வெட்டிய எழுத்தே தெரியாது. அதே மாதிரிக் கல் தருமபுரி அகழ்வைப்பகத்தில் (தொல்லியல் அருங்காட்சியகம்) எண்ணெய் இல்லாமல், விவரப் பலகையோடு நிற்கிறது. அங்கே யாரும் கும்பிடுவதில்லை.

எலியாதேவை இங்கே மடக்கலாம். புனிதம் கல்லில் தானாக வெளிப்பட்டதா? அல்லது யாரோ, ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு தேவைக்காக இதைப் புனிதம் என்று பிரித்து வைத்தார்களா? மத ஆய்வாளர் ஜோனதன் ஸ்மித் (1982), மதம் என்ற வகைப்பாடே ஆய்வாளரின் மேசையில் உருவானது என்றார். மானிடவியலாளர் தலால் அசத் (1993) இன்னும் ஒரு படி மேலே போனார். 1966இல் இன்னொரு மானிடவியலாளர் கீர்ட்ஸ் தந்த புகழ்பெற்ற வரையறை, மதத்தை மனதுக்குள் இருக்கும் நம்பிக்கையாகப் பார்க்கிறது. அந்தப் பார்வை எல்லா ஊருக்கும் பொதுவானதல்ல, நவீன கிறித்தவ வரலாற்றிலிருந்து வந்தது என்பது அசத்தின் வாதம். வேடியப்பனிடம் கிடா வெட்டுகிறவரிடம் போய் 'உங்கள் நம்பிக்கை என்ன?' என்று கேட்டுப் பாருங்கள், அசத் உடனே புரிவார். (அதிகாரம், அறிவு பற்றி எழுதிய ஃபூக்கோவை அசத் வழியாகப் படித்தாலே பாதி வேலை முடிந்தது.)

பின்நவீனத்துவத்தை வரையறுத்த லியோதாருக்கு (1979) ஒரு வரி போதும்: பெருங்கதையாடல்கள், அதாவது வரலாறு முழுவதையும் ஒரே கதையாக விளக்கும் கோட்பாடுகள், மீதான அவநம்பிக்கை. ஸ்மித்தையும் அசத்தையும் அப்படியே 'பின்நவீனத்துவர்' பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். கைடுகள் சேர்க்கும். இருவருமே அந்த முத்திரைக்குள் அடங்குகிறவர்கள் இல்லை.

இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மார்க், நெகட்டிவ் கிடையாது. நூல்களைக் கால வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்விகளுக்கு மேலே சொன்ன ஆண்டுகள் உதவும். கூற்று–காரணம் கேள்வியில் 'பின்நவீனத்துவம் எல்லா உண்மையையும் மறுக்கிறது' என்ற மாதிரி வாக்கியம் வந்தால் உஷாராக இருங்கள். கேள்வித்தாளில் தமிழ் இருக்காது. தமிழில் படித்தாலும் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள்.